வாசகர் கேள்வி – பதில்: பெங்களூருவில் கல் பேசும் இடங்கள்

கேள்வி: மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். லால்பாக், கப்பன் பார்க், அரண்மனை எல்லாம் முன்பே பார்த்துவிட்டார்கள். தமிழோடு தொடர்புள்ள இடம் ஏதாவது ஊருக்குள்ளேயே உண்டா?
– வாசகி, அல்சூர்

பதில்: ஊருக்குப் போக நாம் பஸ் ஏறும் மடிவாளாவுக்கே கூட்டிப்போங்கள். அங்குள்ள சோமேஸ்வரர் கோயிலின் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பழையது 1247-ஐச் சேர்ந்தது. ‘வெங்களூர்’ (அதாவது பெங்களூரு) பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்த செய்தி அதில் வருகிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர். அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். இன்னொரு கல்வெட்டில் ‘தாமரைக்கரை’ என்று ஓர் ஊர் வரும். மடிவாளாவை ஒட்டி இன்று தாவரெகெரே என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, அதுதான். இதற்காகவே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம்.

அங்கிருந்து ஆட்டோவில் தொம்ளூர் சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டு மதுரைக்காரர்கள் சிவன் கோயில் என்று நினைத்துவிடுவார்கள்; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இங்கே சொக்கர் பெருமாள். இங்கும் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. சமயபுரம் அருகே கண்ணனூரிலிருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் வீர ராமநாதனின் ஆட்சி இந்தப் பக்கமும் பரவியிருந்த காலம் அது.

இரண்டும் வழிபாட்டில் உள்ள கோயில்கள். உச்சிவேளைக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் 8 மணிக்கெல்லாம் மடிவாளாவில் இருந்தால்தான் தொம்ளூரையும் நிதானமாகப் பார்க்க முடியும்.

கேள்வி: கல்வெட்டை மொபைலில் படம் எடுத்தால் வெறும் சுவர்தான் தெரிகிறது. ஏன்?
– வாசகர், சிவாஜி நகர்

பதில்: பிளாஷ்தான் காரணம். நேருக்கு நேர் விழும் வெளிச்சம் எழுத்தின் பள்ளத்தில் நிழலே விழாமல் செய்துவிடுகிறது. பிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவர் மொபைலின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என ஒரே இடத்தை மூன்று முறை எடுங்கள். ஒன்றில் மறைந்த கோடு மற்றொன்றில் தெரியும். வெயிலையே நம்புவதானால், தெற்குச் சுவருக்குக் குளிர்காலத்தில் காலை 8–9 மணி சரி. கிழக்குச் சுவரை 11 மணிக்குப் பிறகு பாருங்கள். அதற்கு முன் வெயில் முகத்தில் அடித்தாற்போல் விழும்.

படிக்க ஆரம்பிப்பவர்கள் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’யைத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் தொடக்கம். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகரம், ஏகாரம் வித்தியாசமும் கிடையாது. ‘வெஙகளூர’ என்று வெட்டியிருப்பதைத்தான் நாம் வெங்களூர் என்று படிக்கிறோம்.

தயவுசெய்து சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். 700 வருடம் தாங்கிய எழுத்து அது. கல்லின் துளையில் எண்ணெய் இறங்கினால் தூசி ஒட்டிக்கொண்டு எழுத்தை அடைத்துவிடும். நிருபதுங்கா சாலையிலுள்ள மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு பெங்களூரு கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பதிவு செய்துவருகிறது. படிக்க முடியாத வரிக்கு உதவி தேட வேண்டிய இடம் அது.

கேள்வி: கவிபுரம் குகைக் கோயிலில் சங்கராந்தி அன்று லிங்கத்தின் மீது வெயில் விழுமாமே? கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: கவி கங்காதரேஸ்வரர் கோயிலில் மாலை வெயில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே புகுந்து உள்ளே செல்லும். ஜனவரி 14 அன்று முதியவர்களோடு போவது சிரமம்தான். ஆனால் சூரியன் மறையும் இடம் டிசம்பர் 21-ஐ நடுவாக வைத்து முன்னும் பின்னும் ஒன்றுபோல அமையும். ஜனவரி 14-க்கு இணையான நாள் நவம்பர் 28 வாக்கில் வருகிறது. அதையொட்டிய ஒரு வாரத்தில் மாலை 5 மணிக்கு முன்பே போய் நில்லுங்கள். மேகம் கெடுக்கும் மாதம் அது, ஒரே நாளை நம்பிப் போகாதீர்கள்.

வெயில் வராவிட்டாலும் முற்றத்தில் தனித்தனி ஒற்றைக் கல்லில் செதுக்கிய சூரிய, சந்திர வட்டங்கள் இருக்கின்றன. உள்ளே இரண்டு தலை, ஏழு கை, மூன்று கால் கொண்ட அக்னி சிலையை விட்டுவிடாதீர்கள். கூரை தாழ்வு, தலை பத்திரம்.

கேள்வி: வெந்த பயறு கொடுத்த பாட்டியால்தான் ‘பெந்தகாளூரு’ என்ற பெயர் வந்தது என்பது உண்மையா?
– மாணவர், பொம்மனஹள்ளி

பதில்: இல்லை. அந்தக் கதையில் பாட்டியிடம் பயறு வாங்கிச் சாப்பிட்டு, ஊருக்கு ‘வெந்த பயறு ஊர்’ என்று கன்னடத்தில் பெயர் வைக்கும் ஹொய்சள மன்னன் வீர வல்லாளன் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அரியணை ஏறுகிறான். பேகூர் நாகேஸ்வரர் கோயிலிலுள்ள கன்னடக் கல்வெட்டோ 890 வாக்கிலேயே பெங்களூருவில் நடந்த சண்டையைச் சொல்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பேகூர் பக்கம்தானே, ஒரு ஞாயிறு காலை போய்ப் பாருங்கள். யானையும் குதிரையுமாகப் போர்க்களம் செதுக்கிய புகழ்பெற்ற பேகூர் வீரக்கல்லை மட்டும் அங்கே தேட வேண்டாம். அது கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.