தைமஸில் டி செல்களுக்குப் பாடம் எடுப்பது யார்?

கேள்வி: கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் தைமஸ் சுரப்பியில் 'பயிற்சி' பெறுகின்றன என்கிறார்கள். பயிற்சி கொடுப்பது யார்? வயதானால் தைமஸ் சுருங்கிவிடுமாமே, அப்புறம் என்ன ஆகும்?

'பயிற்சி' என்ற சொல் எனக்கு எப்போதுமே ஒட்டவில்லை. அங்கே யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. நடப்பதெல்லாம் தேர்வு. தேறாத செல் செத்துப்போகும்; உள்ளே வருபவற்றில் 100-க்கு 5 கூட உயிரோடு வெளியேறுவதில்லை என்பார்கள்.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது இந்தச் சுரப்பி. படிக்கும் காலத்தில் மைக்ராஸ்கோப்பில் அதன் சிலைடைப் பார்த்தால் விளிம்பு அடர் ஊதாவாக இருக்கும், நடுப்பகுதி வெளிறியிருக்கும். அந்த நடுப்பகுதியில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் இளஞ்சிவப்பு வளையங்கள் தெரியும். ஹாசல் உருண்டைகள் என்று பெயர். அது தெரிந்தால் 'தைமஸ்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அந்த வளையங்களில் கெரட்டின் உண்டு; தோல் செல்களில் இருக்கும் அந்தப் புரதம் ஒரு சுரப்பிக்குள் என்ன செய்கிறது என்று அன்று நான் கேட்கவே இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். தேர்வை நடத்துபவை முக்கியமாகத் தைமஸின் சட்டகமாக அமைந்த எபிதீலிய செல்கள். இவற்றில் இரண்டு வகை.

ஊதா விளிம்பில் இருப்பவை முதல் வகை. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்லை 'நீ டி செல் ஆகு' என்று திருப்பிவிடுவதும் இவைதான். அந்தச் செல் தன் ஏற்பியை, அதாவது பிற மூலக்கூறுகளைப் பிடித்து அடையாளம் காணும் புரதத்தை, மரபணுத் துண்டுகளைக் கண்மண் தெரியாமல் வெட்டி ஒட்டித் தயாரிக்கும். செல்லின் மேற்பரப்பில் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும், உடலின் சொந்த எம்எச்சி மூலக்கூறுகளை அந்த ஏற்பியால் லேசாகவாவது பிடிக்க முடிகிறதா என்பதே முதல் சோதனை. மூன்று நான்கு நாள் அவகாசம் உண்டு. ஏற்பியின் ஒரு பாதியை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். அதற்குள் பிடி கிடைக்காவிட்டால் கதை முடிந்தது.

நடுப்பகுதியில் இருக்கும் இரண்டாம் வகைதான் எனக்குப் பிடித்தது. இவை மாறுவேடக்காரர்கள். கணையம் மட்டுமே செய்யவேண்டிய இன்சுலினைக்கூடக் கொஞ்சம் தயாரித்துக் காட்டும். இதற்கு உதவும் மரபணுவின் பெயர் 'ஏர்' (உழவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). எந்த டி செல் இந்தச் சொந்தப் புரதங்களை இறுகப் பற்றுகிறதோ, அது வெளியே போனால் சொந்த உறுப்பையே தாக்கும். அதனால் அங்கேயே கொல்லப்படும், அல்லது பிற டி செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குமுறை டி செல்லாக மாற்றப்படும். ஏர் மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு அட்ரினல், பாராதைராய்டு போன்ற சுரப்பிகள் தம் நோயெதிர்ப்பு மண்டலத்தாலேயே அழிவதைப் பார்க்கிறோம்.

2022-இல் டயான் மாத்திஸின் ஆய்வுக்குழு இன்னொரு படி போய், இவற்றில் சில செல்கள் புரதத்தோடு நிற்காமல் தசைச் செல், குடல் செல், தோல் செல் போல ஆளே மாறிவிடுவதைக் காட்டியது. அந்த வெங்காய வளையத்தில் கெரட்டின் இருப்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தைமஸ் சுருங்குவது உண்மைதான். பருவ வயதுக்குப் பிறகு பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். அதனாலேயே நெடுங்காலம் அதை வேலையற்ற உறுப்பு என்று நினைத்தார்கள். பிறந்தவுடன் தைமஸை எடுத்துவிட்ட எலிகள் நலிந்து நோயில் விழுவதையும், அந்நியத் தோலை ஒட்டினாலும் எதிர்க்காமல் ஏற்பதையும் 1961-இல் ஜாக் மில்லர் கண்ட பிறகே அதன் வேலை தெரிந்தது. பெரியவர்களுக்குப் பெரிய சிக்கல் உடனே வராததற்குக் காரணம், ஏற்கெனவே தேறிய டி செல்கள் பல ஆண்டுகள் வாழும், வெளியிலேயே பெருகவும் செய்யும். ஆனால் புதுவரவு குறைந்துகொண்டே போகும். முதியவர்கள் புதிய கிருமிகளிடம் அதிகம் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.