வாரிசு தராத அடிலெய்ட் ராணியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. வயதும் இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. அதனால்தான் "வாரிசு தராத" என்று இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்குச் சுருக்கென்றது. அதான் எழுத உட்கார்ந்தேன்.

1817இல் இளவரசி சார்லட் பிரசவத்தில் இறந்ததும், பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்குச் சட்டப்படி ஒரு வாரிசு இல்லை. நடு வயது தாண்டிய இளவரசர்கள் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். அப்படி ஜெர்மனியின் மைனிங்கன் என்ற குட்டி நாட்டிலிருந்து வந்தவர்தான் அடிலெய்ட். 1818 ஜூலையில் கியூ அரண்மனையில் கல்யாணம். பெண்ணுக்கு 25, மாப்பிள்ளை, பின்னாளில் மன்னரான இளவரசர் வில்லியமுக்கு 52. அவருக்கு நடிகை டோரதியா ஜோர்டனிடம் ஏற்கெனவே பத்துப் பிள்ளைகள்.

அப்புறம் நடந்ததைப் படியுங்கள். 1819 மார்ச்சில் ஹனோவரில் ஒரு பெண் குழந்தை, பிறந்த அன்றே போய்விட்டது. அதே ஆண்டு ஒரு கரு கலைந்தது. 1820 டிசம்பரில் எலிசபெத் பிறந்தாள், மூன்று மாதம்கூட நிறையவில்லை. அவள் பிழைத்திருந்தால் விக்டோரியா ராணியாகியிருக்க முடியாது. 1822இல் இரட்டை ஆண் பிள்ளைகள், இறந்தே பிறந்தன. இதற்குப் பெயர் "தராத"வா?

எனக்கு 41 வயது. மூன்று முறை தங்கவில்லை. நாத்தனார் மகளின் வளைகாப்புக்கு வளையல் வாங்க வெயிலில் அலைந்தது நான், தட்டு வரிசை அடுக்கியது நான். சந்தனம் பூசப் பெண்கள் எழுந்தபோது கணவர் வழிப் பெரியம்மா ஒருவர் பக்கத்தில் வந்து, "நீ போய்ப் பந்தியைப் பாரும்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நானும் போய்ப் புளியோதரை வாளியைத் தூக்கினேன். அவர் கெட்டவர் இல்லை, வயதானவர், அந்தக் காலத்து மனுஷி. இதைச் சொல்லாவிட்டால் "பெரியவர்களை இழிவுபடுத்துகிறாய்" என்று யாராவது வருவார்கள்.

அந்த மண்டபத்துக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓடாத ஏசிக்குக் காசு வாங்கினார்கள். இரண்டு கரண்டி குறைகிறது என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். பந்தியில் நின்றவள் என்பதால் கரண்டிக்கும் நானே பொறுப்பாம்!

சரி, ராணிக்கு வருவோம். கணவரின் அந்தப் பத்துப் பிள்ளைகளையும் அவர் அன்போடு நடத்தினார். கொழுந்தன் மகள் விக்டோரியாவைத் தன் பிள்ளையாகவே நினைப்பதாக அந்தக் குழந்தையின் தாய்க்கு எழுதினார். அந்தத் தாய்க்கும் மன்னருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, நடுவில் நின்று தவித்தவர் இவர். 1837இல் வில்லியம் சாகும்வரை இரவும் பகலுமாகக் கூட இருந்தார்.

அவரைப் புனிதவதி என்று நான் சொல்லவில்லை. 1832 தேர்தல் சீர்திருத்தத்தை அவர் விரும்பவில்லை, அதற்காக மக்களிடம் ஏச்சும் வாங்கினார். ஆனால் 1834இல் மன்னர் பிரதமர் மெல்போர்னின் அமைச்சரவையை நீக்கியபோது, அதுவும் ராணியின் வேலைதான் என்று எழுதினார்கள். வீட்டில் எது நடந்தாலும் மருமகள் தலையில் போடுவது அங்கேயும் உண்டு போல.

முழுக்க மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 1836இல் உருவான நகரத்துக்கு அவர் பெயர்தான். (அது கவுர்னா என்ற பூர்வகுடி மக்களின் நிலம், தெரியும். அதற்குத் தனிக் கேள்வி கேளுங்கள்.) மால்டாவில் வாலெட்டா நகரின் ஆங்கிலிகன் தேவாலயமும் அவர் பணத்தில் எழுந்தது. 1849 டிசம்பரில் இறந்தபோது, ஆடம்பரம் வேண்டாம், கடற்படை மாலுமிகள் பெட்டியைச் சுமந்தால் போதும் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

பின்குறிப்பு: காணாமல்போன கரண்டிகளில் ஒன்று போன மாதம் எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. திருப்பித் தருவதாக இல்லை.