ஆங்கிலத்தில் 'டிராகன்' வழி வந்த சொற்கள் எவை, எப்படிப் பயன்படுத்துவது?

கிரேக்கத்தில் 'டிராகோன்' என்றால் பெரும்பாம்பு. லத்தீன், பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது.

இதில் பிறந்தவற்றில் சுவையானது 'டிரகூன்'. குதிரையில் போய், இறங்கி நின்று சுடும் வீரன் என்று பொருள். அவன் கையிலிருந்த குட்டைத் துப்பாக்கி நெருப்பு கக்கியதால் அதைப் பிரெஞ்சில் டிராகன் என்றார்கள். 1681 முதல் பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சி இந்த வீரர்களைப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் தங்கவைத்து, மதம் மாறச் சொல்லித் தொல்லை கொடுத்தது. வினைச்சொல்லாக வரும்போது 'மிரட்டிச் செய்யவைத்தல்' என்ற பொருள் அதனால்தான். கூடவே 'இன்ட்டு' வரும்: 'ஹி வாஸ் டிரகூன்ட் இன்ட்டு சைனிங்'. நயமாகப் பேசிச் சம்மதிக்க வைத்ததற்கு இது பொருந்தாது.

'ரேங்கிள்' என்பதில் டிராகன் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. லத்தீனில் குட்டிப்பாம்பைக் குறித்த சொல் சீழ்ப்புண்ணுக்குப் பெயராகி, பிரெஞ்சில் முதலெழுத்து தேய்ந்து, இன்று ஆறாத மனக்காயத்தைச் சொல்கிறது. முள்ளை எடுத்த பிறகும் நுனி உள்ளே தங்கி உறுத்துமே, அதுபோல. உறுத்தும் விஷயமே எழுவாய்: 'தி இன்சல்ட் ஸ்டில் ரேங்கிள்ஸ்'.

தட்டான்பூச்சிக்கு 'டிராகன்ஃபிளை' என்பது எல்லோரும் அறிந்ததே.

கொடுஞ்சட்டத்தை 'டிரகோனியன்' என்பது இந்த விலங்கை வைத்து என்று பலர் நினைக்கிறார்கள், அது கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸுக்குக் கடுஞ்சட்டம் எழுதிய டிராகோன் என்ற மனிதரின் பெயரிலிருந்து வந்தது.