ஏர் ரைஃபிள் குழலை 5.5-க்கு மாத்தாதீங்க, கட்டை ஸ்க்ரூவைப் பாருங்க

உங்க ஏர் ரைஃபிள்ல குண்டு சிதறுது, குழலோட உள்விட்டத்தை 4.5-லிருந்து 5.5 மி.மீ.க்கு மாத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. மாத்தினா இந்தச் சிதறல் தீராதுங்க. அதோட, 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள்ள சக்தியும் இருந்தாத்தான் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். 5.5 ஆக்கின அன்னைக்கே அது உரிமம் இல்லாம வச்சிருக்கிற சட்டவிரோத ஆயுதம். கோயமுத்தூர்ல நல்ல லேத்துக்காரங்க நிறையப் பேர் இருக்காங்க, இந்த வேலைக்கு மட்டும் அவங்ககிட்டப் போயிடாதீங்க.

போன மாசம் வரைக்கும் ஒரே ஓட்டையாப் போனது, இப்ப பத்து மீட்டர்ல ரெண்டு இஞ்சு பரவுதுன்னு எழுதியிருக்கீங்க. ஸ்பிரிங் துப்பாக்கின்னா, எனக்குச் சந்தேகம் கட்டையை (தோள்ல வச்சுப் பிடிக்கிற மரப்பகுதி) துப்பாக்கியோட சேத்துப் பிடிக்கிற ஸ்க்ரூ மேலதான். ஸ்பிரிங் முன்னும் பின்னும் உதைக்கிற உதையில அது மெல்லக் கழலும். பல்லடத்துல எங்க தோட்டத்துல வச்சிருக்கிறதுல முன் ஸ்க்ரூ அரைச் சுத்துதான் தளர்ந்திருந்தது, அதுக்கே குறி பாக்குற அட்டை பூரா பொத்தல்.

1. ஸ்பிரிங் ஏத்தாம, குண்டு இல்லாம, ஸ்க்ரூ எல்லாத்தையும் இறுக்குங்க. பத்து குண்டு போட்டுப் பாருங்க.

2. அப்பவும் பரவினா, புது டப்பா பெல்லட்டை (ஈயக் குண்டு) கண்ணாடி மேல ஒவ்வொண்ணா உருட்டுங்க. நல்லது சீரா வளைஞ்சு ஓடும். பின்பக்கப் பாவாடை நசுங்கினது தடுக்கித் தடுக்கி நிக்கும், அதை ஒதுக்கிடுங்க.

குண்டு போடாம வெறுமனே சுடாதீங்க, உள்ள காத்தை அழுத்துற பிஸ்டனோட சீல் போயிடும். அட்டையைக் களத்துச் சுவத்துல மாட்டாதீங்க, ஈயம் திரும்பித் தெறிக்கும். மண்மூட்டை அடுக்கி அதுக்கு முன்னால வையுங்க.