நாலு துறை, நாலு விருது – ஒரு கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம்,

ரொம்ப நாளா உங்களைப் படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. எங்க ஊரு திண்டுக்கல் பக்கம், சின்ன டவுன். இங்க நூலக வாசகர் வட்டத்துக்கு அடுத்த வருஷம் 25 வருஷம் நிறையுது. அதுக்காக பொதுசேவை, தொழிலாளர், கல்வி, சுத்தமான மின்சாரம்னு நாலு துறைல துறைக்கு ஒருத்தருக்கு விருது கொடுக்கலாம்னு கமிட்டில முடிவு பண்ணோம். முதல் மூணுக்கும் ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லி சண்டை, நாலாவதுக்கு ஆளே இல்ல, வீட்டு மாடில சோலார் போட்ட ஒருத்தர் இருக்கார் அவருக்கே கொடுத்துருவோம்ங்கிறாங்க. இன்னொரு பெரியவர் "விருது கொடுத்து என்ன ஆகப்போகுது, அந்தக் காசுக்கு புத்தகம் வாங்குங்கடா"ன்னுட்டார். எனக்கு எல்லாமே சரின்னுதான் படுது. நீங்க என்ன சொல்றீங்க? விழாவுக்கு நீங்களும் வரணும்.

உங்கள் வாசகன்

*

தம்பி,

விருது கொடுங்க. புத்தகம் வாங்கச் சொன்ன பெரியவர் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா ஊருக்காக ஓடி ஓடி உழைச்ச ஒருத்தரை அந்த ஊர்க்காரங்களே கூடி நின்னு "உங்களால நாங்க நல்லாருக்கோம்"னு சொல்றதுக்கு ஈடா எதையும் கடைல வாங்க முடியாது. அதை அவர் உசுரோட இருக்கும்போதே சொல்லணும், நாம பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லதான் சொல்றோம்.

ஆனா எப்படிக் கொடுக்குறோம்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு நான் பார்த்த ஒரு விழாவைச் சொல்றேன். பல வருஷம் முன்னாடி, ஊர் பேரு வேண்டாம், தூய்மைப் பணியாளர்களுக்காக வாழ்க்கை முழுக்க சங்கம் நடத்தின ஒரு பெரியவருக்கு பாராட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கே வெள்ளை வேட்டி சட்டையோட வந்து உக்காந்துட்டார். அமைச்சர் வரல, வந்தவங்க பேசினாங்க, பேசினவங்களைப் பத்தி இன்னொருத்தர் பேசினார், ராத்திரி ஒன்பதரைக்கு அவர் பேரை தப்பா வாசிச்சு "சிறந்த சமூக சேவகர்"னு ஒரே வரி, சால்வை, ஷீல்டு, போட்டோ, கீழ இறங்குங்கய்யா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூடவே நடந்தேன். சட்டைப் பைலருந்து மடிச்ச பேப்பர் ஒண்ணை எடுத்துக் காட்டினார், பேசுறதுக்காக எழுதிட்டு வந்தது. யார் யார் சம்பளத்துல பிஎஃப் பிடிச்சு கட்டாம விட்டிருந்தாங்க, எந்தத் தேதில யாருக்கு மனு போட்டாங்க, கையுறையும் ஷூவும் எப்படி வந்துச்சு, கூட நின்ன அஞ்சாறு பேர் பேரு, எல்லாம் வரிசையா. அதைத் திரும்ப மடிச்சு பைல வைச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டார். அவர் இப்ப இல்ல. அந்தப் பேப்பரும் இருக்காது. அன்னிக்கு ஊருக்குக் கிடைச்சிருக்க வேண்டிய பெரிய சொத்து அதுதான், அதை வாங்கிக்காமலே அனுப்பிட்டோமேன்னு இன்னிக்கும் எனக்கு வலிக்குது.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், ஒருத்தரை கௌரவிக்கிறதுன்னா அவர் அந்த வேலையை எப்படிச் செஞ்சார்னு முழுசா காது கொடுத்துக் கேக்குறது. சால்வையெல்லாம் அதுக்கப்புறம் போத்திக்கலாம்.

உங்களுக்கு ஆள் கிடைக்காத நாலாவது துறைலருந்தே ஆரம்பிக்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறைன்னு ஒரு ஊராட்சி. ஆர். சண்முகம் அங்க 1996ல தலைவரா வந்தார், பத்து வருஷம் இருந்தார். "காற்றாலை வாங்கின பஞ்சாயத்து"ன்னு ஒரு வரில எல்லாருக்கும் தெரியும், விருது மேடைல வாசிச்சாலும் அந்த ஒரு வரியைத்தான் வாசிப்பாங்க. ஆனா கதை காற்றாலைல ஆரம்பிக்கல தம்பி, கரண்ட் பில்லுல ஆரம்பிக்குது. குடிதண்ணி திட்டம் வந்துச்சு, தெருவிளக்கு கூடுச்சு, ஜனங்களுக்கு சந்தோஷம், ஆனா மாசம் 2,000 ரூபா அளவுல இருந்த பில்லு 50,000 வரைக்கும் ஏறிப்போச்சு. இந்த இடத்துல பெரும்பாலான ஊராட்சிகள் என்ன பண்ணும்? ராத்திரி பாதி லைட்டை அணைக்கும், தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருதரம் விடும், பாக்கி வைக்கும். இவர் பில்லை கையில வைச்சுக்கிட்டு கணக்கு போட்டார்.

முதல்ல 2003ல 9 கிலோவாட்ல ஒரு கேசிஃபையர், அதாவது மர அறுவை மில்லுல மிஞ்சுற கழிவைப் போட்டு அதுலருந்து வர்ற வாயுவை வைச்சு தண்ணி மோட்டார் ஓட்டுறது. செலவு நல்லா குறைஞ்சது. ரெண்டு குக்கிராமத்துல சோலார் தெருவிளக்கு போட்டாங்க. அப்புறம் சும்மா கிடந்த மரக்கழிவுக்கும் விலை ஏற ஆரம்பிச்சதும் அடுத்து என்னன்னு தேடி காத்துக்கு வந்தார். ஆனா ஓடந்துறைல காற்றாலை வைக்கிற அளவுக்கு காத்து கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து நேரா வந்து அடிக்கிறது உடுமலைப்பேட்டை பக்கம், ஆடில அங்க நின்னா வேட்டி நிக்காது. அதனால அங்க மைவாடில 350 கிலோவாட் காற்றாலை ஒண்ணை 2006ல ஊராட்சி பேர்லயே வாங்கினாங்க. விலை 1.55 கோடி. ஊராட்சி மிச்சம் பிடிச்சு வைச்சிருந்தது 40 லட்சம், மீதி 1.15 கோடி பேங்க் லோன். வருஷத்துக்கு 6.75 லட்சம் யூனிட் அளவுல கரண்ட் வரும், ஊருக்குத் தேவை 4.5 லட்சம், மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்து அந்தக் காசுலயே லோனை அடைக்கிறதுன்னு கணக்கு.

இதுல எனக்கு எது பெருசாத் தெரியுதுன்னா அந்த 40 லட்சம்தான். காற்றாலையை காசு இருந்தா யாரும் வாங்கலாம். ஒரு கிராம ஊராட்சி வீட்டு வரி தண்ணி வரின்னு ரூபா ரூபாயா சேர்த்து, அதுல யாரும் கை வைக்காம வருஷக்கணக்கா காப்பாத்தி, பேங்க் மேனேஜர் முன்னாடி போய் நின்னு எங்களுக்கு லோன் கொடுங்கன்னு கேட்டுருக்கு பாருங்க, அந்தக் காசை வேற செலவுக்குக் கேட்டு எத்தனை பேர் வந்திருப்பாங்கன்னு பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரங்கல்லாம் ஓடந்துறைக்கு வந்து பாத்துட்டுப் போனாங்க. நம்ம பக்கத்து ஊர்த் தலைவர்கள் எத்தனை பேர் போய் அந்தக் கணக்கு நோட்டைக் கேட்டாங்கன்னுதான் என் ஏக்கம்.

உங்க ஊர்ல சோலார் போட்டவர் விஷயத்துக்கு வர்றேன். அவர் செஞ்சது நல்ல காரியம், ஆனா அது அவர் வீட்டு பில்லைக் குறைச்சது. அவரைப் பாத்து அந்தத் தெருல வேற யாராவது போட்டாங்களா, மானியத்துக்கு மனு எழுதிக் கொடுத்தாரான்னு கேளுங்க, ஆமான்னா தாராளமா கொடுங்க. இல்லேன்னா உங்க பக்கத்து ஊராட்சிகள்ல சோலார் தெருவிளக்கு இருக்கும், அதுல எந்த ஊர்ல இன்னும் எரியுதுன்னு ராத்திரி ஒரு சுத்து போய்ப் பாருங்க. விளக்கு வைக்கிறது ஒருநாள் வேலை. ரிப்பன் வெட்டின ஆளு அடுத்த நாளே மறந்திருவார். பேனல்ல தூசி துடைச்சு, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, போன பேட்டரியை மாத்தச் சொல்லி ஆபீஸுக்கு நடையா நடந்த ஒரு ஆளு ஏதோ ஒரு ஊர்ல கண்டிப்பா இருப்பார், பம்ப் ஆபரேட்டரா இருக்கலாம், மகளிர் குழு அக்காவா இருக்கலாம். உங்க நாலாவது ஆளு அவங்கதான்.

தொழிலாளர் துறைல சண்டைன்னு சொன்னீங்க. மேடைல தெரியிற முகத்துக்கு கொடுக்கிறதா, பின்னாடி நின்னவருக்காங்கிற சண்டையாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். 1918 ஏப்ரல் 27ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்கல்ல, சென்னை பின்னி துணி மில் தொழிலாளர்களுக்கு. தலைவர் பி. பி. வாடியா, கூட திரு.வி.க. அந்தப் பேரெல்லாம் நமக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே மில்லு பக்கத்துல வியாபாரம் பண்ணிட்டிருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும்தான் தொழிலாளிங்க வந்து சொல்ற குறையை உக்காந்து கேட்டவங்க. சோறு திங்கக்கூட நேரம் பத்தல, அவ்ளோதான் பெரிய குறை. கேட்டதோட நிக்காம வாடியாகிட்ட போய்ச் சொல்லி கூட்டிட்டு வந்ததும் அவங்கதான். கேட்டவரையும் பேசினவரையும் சேத்து ஒரே மேடைல நிறுத்த முடியாதா என்ன? துறைக்கு ஒருத்தர்தான்னு யார் சொன்னது, நீங்களே போட்ட விதிதானே, மாத்துங்க.

அதே மாதிரி துறையையும் ரொம்பக் கறாரா பிரிக்காதீங்க. புதுக்கோட்டைல 1991ல பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்போ அது கல்வியா தொழிலாளர் பிரச்சனையான்னு கேட்டா என்ன சொல்றது? ஷீலா ராணி சுங்கத் அப்ப கலெக்டர். எழுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சது, பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிற அலையா மாறி, ஒரு லட்சம் பேருக்கு மேல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க, அந்த நடுக்கம்பில குழந்தையை உக்கார வைக்கலாம்னு சிலர் அதையே விரும்பியும் வாங்கினாங்க. கல்குவாரில கொத்தடிமை மாதிரி கிடந்த பெண்களோட குழுக்களுக்கே குவாரி குத்தகை கொடுத்தாங்க. கூலி எவ்ளோ, எத்தனை லோடு போச்சுன்னு கணக்கு எழுதத் தெரியணும்ல, அங்கதான் எழுத்து வேலைக்கு ஆகுது. கலெக்டர் பேரு பதிவாச்சு, சந்தோஷம், அவங்க செஞ்சது பெரிய காரியம். ஆனா சாயங்காலம் சாயங்காலம் அரிக்கேன் விளக்கோட போய் சம்பளமே வாங்காம சொல்லிக் கொடுத்த ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பேரு எங்க இருக்கு? உங்க பக்கமும் அறிவொளி நடந்திருக்கும். அன்னிக்கு இருபது வயசுல சொல்லிக் கொடுத்த பொண்ணுக்கு இப்ப அம்பதைத் தாண்டியிருக்கும், டீச்சராவோ டெய்லராவோ உங்க தெருலயே இருப்பாங்க. கல்விக்கான விருதுக்கு பிரைவேட் ஸ்கூல் தாளாளர்கள் பேரு வர்றதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க, இது என் வேண்டுகோள்.

பொதுசேவைக்கு அதிகம் சொல்லத் தேவையில்ல. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் உங்க மாவட்டத்துல பொறந்தவங்க. கீழ்வெண்மணில 1968 டிசம்பர் 25ல தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள்ல 44 பேரை எரிச்சதுக்கு அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் போயி, 1981ல லாஃப்டி அமைப்பை ஆரம்பிச்சு, நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கி அதைப் பெண்கள் பேர்லயே பதிவு பண்ணிக் கொடுத்தாங்க. 2020ல பத்மபூஷண் கொடுத்தப்போ அவங்களுக்கு 90 வயசைத் தாண்டிருச்சு. அந்த மாதிரி யாரு உங்க ஊர்ல பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்கன்னு பாருங்க, பேரு தானா வந்துரும்.

விழாவை எப்படி நடத்தலாம்னா, சிறப்பு விருந்தினர் யாரையும் கூப்பிடாதீங்க, விருது வாங்குறவங்கதான் சிறப்பு விருந்தினர். ஆளுக்கு 40 நிமிஷம். பேசத் தயங்குறவங்களுக்கு பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கேள்வி கேக்கட்டும், எங்க காசு வந்துச்சு, யார் எதிர்த்தா, எப்ப விட்டுரலாம்னு தோணுச்சு, கூட யாரு இருந்தா. அவங்க மனு, ரசீது, நோட்டு எதையும் வைச்சிருந்தா கொண்டுவரச் சொல்லி நூலகத்துல ஜெராக்ஸ் எடுத்து பைல் போட்டு வைங்க, பேசினதையும் எழுதி அச்சடிச்சு அந்த அலமாரில வைங்க. புத்தகம் வாங்கச் சொன்னார்ல, அந்தப் பெரியவர்கிட்டயே அந்த புத்தகத்தைத் தொகுக்கிற வேலையைக் கொடுங்க, சந்தோஷமா செய்வார். பக்கத்து ஊராட்சித் தலைவர்களை முன்வரிசைல உக்கார வைச்சு, வரும்போது அவங்க ஊர் கரண்ட் பில்லை கையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

நான் வரேன் தம்பி. மேடைல நாற்காலி போடாதீங்க, கீழ எங்கயாவது ஒரு ஓரமா இடம் கொடுங்க, நோட்டும் ரெண்டு பேனாவும் எடுத்துட்டு வர்றேன். தேதி மட்டும் முன்கூட்டியே சொல்லுங்க. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னும் சொல்லுங்க, விருது வாங்குற பெரியவங்க யாராவது வெளியூர்னா அவங்களை நானே வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்.

அன்புடன்