யூபிகீ: பின் நம்பர், பியூகே, தொடுகை – கேள்வி பதில்

கேள்வி: ஆபீஸில் யூபிகீ 5 கொடுத்திருக்காங்க. ஸ்மார்ட் கார்டு லாகினுக்கு முன்னாடி எதையெல்லாம் மாத்தணும் சார்?

பதில்: மூன்றை. யூபிகீ என்பது கம்ப்யூட்டரில் செருகும் பாதுகாப்புச் சாவி. புதுச் சாவியில் பிஐவி (ஸ்மார்ட் கார்டு லாகினுக்கான) பகுதியின் பின் நம்பர் 123456, பூட்டிய பின்னைத் திறக்கும் பியூகே 12345678. மூன்றாவது மேனேஜ்மென்ட் கீ, அதாவது பிஐவி பகுதியை நிர்வகிக்கும் ரகசிய எண்: 0102030405060708 என்பதையே மூன்று முறை அடுக்கியது. யூபிகீ தயாரிக்கும் கம்பெனியின் கையேட்டிலேயே இருப்பவை இவை, ஊருக்கே தெரியும். பலர் பின்னை மட்டும் மாற்றிவிட்டு பியூகேயை அப்படியே விடுகிறார்கள். சாவி கையில் கிடைத்தவன் மூன்று முறை தப்பாக அடித்துப் பின்னைப் பூட்டுவான், பியூகே போட்டுத் தனக்கென்று புதுப் பின் வைத்துக்கொள்வான். முடிந்தது.

வரிசையும் முக்கியம். மூன்று வாய்ப்பு போதாது, கூட்டி வைக்கலாம் என்று நினைத்தால் அதை முதலில் செய்யுங்கள். அந்தக் கட்டளை ஓடியதும் பின், பியூகே இரண்டும் பழைய 123456, 12345678க்கே போய்விடும். கடைசியில் செய்தால், அதுவரை பின்னையும் பியூகேயையும் மாற்றியது வீண்.

தொடுகையை, அதாவது விரலால் தொட்டால்தான் வேலை செய்ய வேண்டுமா என்பதை, யூபிகீக்குள் ரகசியச் சாவி உருவாக்கும்போதே தீர்மானிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் தொடச் சொல்லலாம். கேச்டு என்று வைத்தால் ஒருமுறை தொட்டது 15 விநாடி செல்லும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் இரண்டாவது சாவி ஒன்று வாங்கி எல்லாக் கணக்கிலும் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: கை பட்டாலே சாட்டில் ஏதோ நீளமா எழுத்து கொட்டுது.

பதில்: அது ஓடிபி, ஒருமுறை மட்டும் செல்லும் பாஸ்வேர்டு. பயன்படுத்தவில்லையென்றால் யூஎஸ்பியில் ஓடிபியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபைடோ2 பின் மறந்துடுச்சு. எத்தனை தடவை போட்டுப் பார்க்கலாம்?

பதில்: ஃபைடோ2 என்பது வெப்சைட் லாகினுக்கான பகுதி, இதன் பின் வேறு, பிஐவி பின் வேறு. மொத்தம் 8. தொடர்ந்து 3 தப்பானால் கழற்றி மறுபடி செருகச் சொல்லும். எட்டும் போனால் ரீசெட்தான், பாஸ்கீ உட்பட ஃபைடோவில் பதிந்த அத்தனையும் அழியும். இங்கே பியூகே கிடையாது. இரண்டாவது சாவி இருந்தால் அதில் உள்ளே போய், ரீசெட் செய்ததை மறுபடி பதியலாம்.

கேள்வி: பேங்க் கொடுத்த ஓடிபி டோக்கன் ஆன் ஆகலை.

பதில்: பேங்க் கிளையில் கேளுங்கள்.

கேள்வி: ஃபைடோ2வில் நாலு இலக்க பின்னே வைக்கலாமாமே, அது எப்படிப் போதும்? பெரிய பாஸ்வேர்டு வைக்கச் சொல்லாதது பொறுப்பில்லாத அறிவுரை.

பதில்: நல்ல சண்டை, வாருங்கள். வெப்சைட் பாஸ்வேர்டு திருடு போனால் திருடன் தன் கம்ப்யூட்டரில் வைத்துக் கோடிக்கணக்கில் முயன்று பார்ப்பான். இங்கே எண்ணுவது சாவிக்குள் இருக்கும் சிப். எட்டுக்கு மேல் விடாது. அதனால் நீளத்தைவிட, ஊகிக்க முடியாமல் இருப்பதுதான் முக்கியம். பிறந்த வருஷம் வைத்தால் எட்டு வாய்ப்பே தாராளம்.

கேள்வி: 2024ல் யூக்லீக் வந்துச்சே? சிப்பையே உடைச்சாச்சு, அப்புறம் என்ன எண்ணிக்கை?

பதில்: சிப்பிலிருந்து ரகசியச் சாவியை எடுக்கலாம் என்று அந்த செப்டம்பரில் நின்ஜாலேப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் காட்டியது உண்மை, அந்தத் தாக்குதலின் பெயர்தான் யூக்லீக். ஓட்டை, சிப் தயாரித்த இன்ஃபினியன் கம்பெனியின் கிரிப்டோ லைப்ரரியில் (குறியாக்க மென்பொருளில்). ஆனால் உங்கள் சாவி திருடன் கையில் இருக்க வேண்டும், உறையைத் திறக்க வேண்டும், சிப் வேலை செய்யும்போது எழும் மின்காந்த அலையை அளக்கும் கருவி வேண்டும். சிப்பை வேலை செய்ய வைக்கவே பல இடங்களில் பின் தேவைப்படும். ஆகவே யூக்லீக் நல்ல பின் வைக்கச் சொல்லும் காரணம்தான். ஃபர்ம்வேர் (சாவிக்குள் இருக்கும் மென்பொருள்) 5.7க்கு முந்தையது என்றால் பாதிப்பு உண்டு. யூபிகீயில் ஃபர்ம்வேரை அப்டேட் செய்ய வழியில்லை. ரகசியமான வேலை பார்ப்பவர் புதுசு வாங்குங்கள். நிர்வாகிகளுக்கு ஒன்று: 5.7ல் ஃபைடோ2 பின்னின் குறைந்தபட்ச நீளத்தை நீங்களே கூட்டலாம், முதல் உபயோகத்திலேயே பின்னை மாற்றச் சொல்லலாம். கூட்டிய நீளத்தை ரீசெட் இல்லாமல் குறைக்க முடியாது.

கேள்வி: பின் லாக் ஆயிடுச்சு, ஹெல்ப்.

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பிஐவியா ஃபைடோவா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: தொடும்போது கைரேகை பார்க்குதா?

பதில்: இல்லை, யார் விரலும் போதும். கைரேகை பார்ப்பது பயோ மாடல்.

கேள்வி: இரண்டாவது சாவி வாங்கிட்டேன். முதல் சாவியை அதில் காப்பி எடுக்கலாமா?

பதில்: வாங்கியதற்கு நன்றி. ஃபைடோவில் காப்பி கிடையாது, ரகசியச் சாவி சிப்பை விட்டு வெளியே வராது. ஒவ்வொரு கணக்கிலும் தனியாகப் பதியுங்கள். லாகினில் ஆறு இலக்க எண் கேட்கும் கணக்குகளுக்கு மட்டும், க்யூஆர் திரையில் இருக்கும்போதே இரண்டு சாவியிலும் ஏற்றிவிடுங்கள்.