வாசகர் கேள்வி – பதில்: பதின்வயது ராக் குழுக்களின் முதல் வெளியூர்ப் பயணம்

கேள்வி (சேலம் வாசகர்): பதின்வயதினர் நடத்தும் இண்டி ராக் (பெருநிறுவனங்களைச் சாராத ராக்) குழு ஒன்று முதன்முறையாக வெளியூர் சென்று வாசித்துவிட்டு, கூட்டமும் இல்லாமல் காசும் இல்லாமல் திரும்பினால், அந்தப் பயணத்தால் என்ன பயன்?

பதில்: இந்தக் கேள்விக்கு 'டீன் ஐடில்ஸ்' குழுவின் பயணத்தைவிடச் சிறந்த விடையை நான் அறியேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1979இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக் வகைக் குழு அது. இயன் மெக்கே பேஸ் கிட்டாரும், ஜோர்டி கிரிண்டில் கிட்டாரும், ஜெஃப் நெல்சன் டிரம்ஸும் வாசிக்க, நேதன் ஸ்ட்ரெஜ்செக் பாடினார். 1980ஆம் ஆண்டுக் கோடையில் இவர்கள் 'கிரேஹவுண்ட்' என்னும் நெடுந்தூரப் பேருந்தில் ஏறி, கிழக்குக் கரையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டார்கள். பின்னாளில் 'பிளாக் ஃப்ளாக்' குழுவின் பாடகராகப் புகழ்பெற்ற ஹென்றி ராலின்ஸ், அப்போது உதவிக்கு வந்த நண்பராக உடன் சென்றார். லாஸ் ஏஞ்சலஸில் 'ஹாங்காங் கஃபே'யிலும் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'மபுஹே கார்டன்ஸ்' அரங்கிலும் வாசித்தார்கள். கிடைத்த தொகை பேருந்துக் கட்டணத்துக்குக்கூடக் காணாது.

ஆனால் மபுஹே கார்டன்ஸ் வாசலில் அவர்கள் கண்ட ஒரு வழக்கம் அந்த இழப்பையெல்லாம் ஈடுசெய்துவிட்டது. அங்கு மது அருந்தும் வயதை எட்டாதவர்களையும் உள்ளே விட்டார்கள். மதுக்கூடத்தில் இருப்பவர் எளிதில் அடையாளம் காணும்படி, அவர்களுடைய புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். சொந்த ஊரான வாஷிங்டனிலோ, மது விற்கும் அரங்குகள் சிறுவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவந்தன. தங்கள் வயதுத் தோழர்களே தங்கள் இசையைக் கேட்க வர இயலாத நிலை. ஊர் திரும்பியதும் அங்கிருந்த '9:30 கிளப்' என்னும் இசையரங்கின் நிர்வாகத்திடம் இந்த ஏற்பாட்டை எடுத்துரைத்து, கையில் குறியிடப்பட்ட எவரேனும் மது அருந்தினால் சிறுவர்கள் எல்லோரையும் நிரந்தரமாகத் தடுத்துவிடலாம் என்று தாங்களே பொறுப்பேற்றுக்கொண்டார்கள். நிர்வாகமும் இணங்கியது. மதுவும் போதைப்பொருளும் வேண்டாம் என்னும் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' இளைஞர்களின் அடையாளமாக அதே குறி பின்னர் உலகெங்கும் பரவியது.

எனவே, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கொண்டு முதல் பயணத்தை அளப்பதை நான் ஏற்பதில்லை. இன்னோர் ஊரின் இளைஞர்கள் அதே சிக்கலை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்று நேரில் பார்ப்பதற்கு, அங்கு போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): இத்தகைய குழுக்கள் நிகழ்ச்சிகளில் வரும் சிறு தொகையை என்ன செய்ய வேண்டும்?

பதில்: பங்கிட்டுக்கொள்ளாமல் சேர்த்து வைப்பதே நல்லது என்பேன். டீன் ஐடில்ஸ் குழுவினர் வருமானம் முழுவதையும் ஒரு பெட்டியில் போட்டுவைத்தார்கள். 1980 நவம்பரில் குழு கலைந்தபோது அதில் ஏறக்குறைய 600 டாலர் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு பிரிந்திருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ, முன்பே ஒலிப்பதிவு செய்து வைத்திருந்த பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். குழு கலைந்த பிறகு அதன் முதல் இசைத்தட்டு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மீது மதிப்பு கூடுகிறது. உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அந்த இசைத்தட்டுக்காகத் தொடங்கப்பட்ட 'டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்' நிறுவனம் வாஷிங்டன் பகுதிக் குழுக்களின் இசையை வெளியிட்டு, பெருநிறுவனங்களைச் சாராத இசைத்துறைக்கு முன்மாதிரியாயிற்று. மெக்கே பின்னர் அமைத்த 'ஃபுகாசி' குழு எல்லா வயதினரையும் அனுமதிக்கும் அரங்குகளையே நாடியதும், நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைத்திருக்க முயன்றதும் புகழ்பெற்ற செய்திகள். வாசலில் நிறுத்தப்பட்ட சிறுவர்களை அவர் மறக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

கேள்வி (கரூர் வாசகி): என் மகனுக்குப் பதினைந்து வயது. படிப்பை விட்டால்தான் இசைப்பயணம் செல்ல முடியும் என்கிறான். உண்மையா?

பதில்: உண்மையன்று. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரைச் சேர்ந்த 'சில்வர்சேர்' குழுவின் மூவரும், 1995இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தபோது, உங்கள் மகனின் வயதினரே. அதே ஆண்டில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கத்தின் கூரைமேல் எம்டிவி இசைத் தொலைக்காட்சியின் விருது விழாவுக்காக வாசிக்கும் அளவுக்குப் புகழ் வந்த பிறகும், அவர்கள் உயர்நிலைப் பள்ளியைக் கைவிடவில்லை. பெற்றோர் பயணங்களில் உடன் சென்றார்கள். இவர்கள் பெருநிறுவன ஆதரவு பெற்றவர்கள் என்பதால் டீன் ஐடில்ஸோடு ஒப்பிட இயலாது; ஆயினும் ஒரு செய்தியை உங்களிடம் மறைக்கக் கூடாது. அக்குழுவின் பாடகர் டேனியல் ஜான்ஸ், அவ்விளம் வயதுப் புகழுக்குப் பின் மனச்சோர்வாலும் உணவை வெறுக்கும் நோயாலும் துன்புற்றதைத் தாமே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆகவே மகனைத் தடுக்க வேண்டாம்; விடுமுறையில் முதலில் அருகிலுள்ள இரண்டு மூன்று ஊர்களுக்கு அனுப்புங்கள். எந்த அரங்கு, யார் அழைத்தது, இரவு எங்கே தங்குவது என்பவற்றை முன்னரே கேட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவரையும் உடன் அனுப்புங்கள். அவன் திரும்பி வந்ததும் கைதட்டலைப் பற்றி மட்டும் கேட்காமல், சாப்பிட்டானா, உறங்கினானா, யாரோடு பேசினான் என்பதையும் கேளுங்கள்.